ஸ்டார்ஃபிளீட் ஒரு ராணுவமா? கற்பனைப் படை எழுப்பும் உண்மையான சட்டக் கேள்வி

2020 ஜனவரியில் அமெரிக்க விண்வெளிப் படை தன் சின்னத்தை வெளியிட்டபோது, அதைப் பார்த்தவர்களில் பலருக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடர்தான் நினைவுக்கு வந்தது. மேல்நோக்கிய அம்புமுனையும் அதைச் சுற்றிவரும் பாதையும் பின்னணியில் விண்மீன்களுமாக அமைந்த அந்தச் சின்னம், 'ஸ்டார் டிரெக்' கதைகளில் வரும் ஸ்டார்ஃபிளீட் அமைப்பின் சின்னத்தைப் பெரிதும் ஒத்திருந்தது. அமெரிக்க விண்வெளிப் படை ராணுவத்தின் ஒரு பிரிவு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஸ்டார்ஃபிளீட்டும் அப்படித்தானா என்ற பழைய கேள்வி அப்போது மீண்டும் கிளம்பியது. அது விண்ணை ஆராயும் அமைப்பு, அதை ராணுவத்தோடு ஒப்பிடுவதே தவறு என்று ஒரு சாரார் கருதுகின்றனர். ஆயுதமும் பதவிநிலையும் போரும் இருக்கும்போது வேறு பெயரால் அழைப்பதில் பொருளில்லை என்பது மறுசாரார் வாதம்.

இதை ரசிகர்களின் பொழுதுபோக்குச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஓர் அமைப்பு ராணுவமா இல்லையா என்ற கேள்விக்கு உண்மை உலகிலும் எளிதான விடை கிடையாது. அந்த விடையைப் பொறுத்தே ஒரு கைதியின் உயிரும், ஒரு கப்பலில் இருக்கும் குழந்தைகளின் பாதுகாப்பும், ஓர் அரசு தன் படையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் வழியும் அமைகின்றன.

## முதலில் சொற்கள்

தமிழில் இக்குழப்பத்துக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 'படை' என்ற சொல்லை நாம் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். பேரிடர் மீட்புப் படை, தீயணைப்புப் படை, தேசிய மாணவர் படை, கடலோரக் காவல் படை ஆகிய அனைத்தும் நமக்குப் படைகளே. எனவே 'விண்கலப் படை' என்று மொழிபெயர்ப்பதால் எதுவும் முடிவாவதில்லை. 'ராணுவம்' என்றாலோ பேச்சு வழக்கில் தரைப்படை மட்டும் நினைவுக்கு வருகிறது. ஆகவே இக்கட்டுரையில் மூன்று சொற்கள் பின்வரும் பொருளில் வருகின்றன.

1. ராணுவம் அல்லது ஆயுதப் படை: ஓர் அரசின் பேரால், அதன் கட்டளைக்கு உட்பட்டு, போரில் ஈடுபடும் உரிமை பெற்ற அமைப்பு. தரை, கடல், வான் என்ற வேறுபாடு இதில் இல்லை.

2. சீருடைப் பணி: பதவிநிலைகள், சீருடை, கட்டளை ஒழுங்கு ஆகியவற்றைக் கொண்ட அரசுப் பணி. இதில் ஆயுதம் இருக்க வேண்டும் என்பதில்லை.

3. ஆயுதம் தாங்கிய சட்ட அமலாக்க அமைப்பு: காவல் துறை, எல்லைக் காவல், சில நாடுகளின் கடலோரக் காவல் ஆகியவை. ஆயுதம் உண்டு, போர் இவற்றின் பணி அன்று.

ஸ்டார்ஃபிளீட் இம்மூன்றில் எதில் அடங்கும் என்பதே கேள்வி.

## கதைக்குள் கிடைக்கும் சான்றுகள்

கதையின்படி, 2161-ஆம் ஆண்டில் பூமியும் வல்கன் முதலிய கோள்களும் சேர்ந்து ஐக்கியக் கோள்களின் கூட்டமைப்பு என்ற அரசை உருவாக்குகின்றன. அதற்கு நாடாளுமன்றம் போன்ற மன்றமும், படைத்துறை சாராத ஒரு தலைவரும் உண்டு. ஸ்டார்ஃபிளீட் அந்த அரசின் அமைப்பு. விண்வெளி ஆய்வு, தூதுப் பணி, அறிவியல், மீட்பு, பாதுகாப்பு ஆகிய அனைத்தும் அதன் பொறுப்பில் உள்ளன.

ராணுவம் இல்லை என்று வாதிடுவோர் முதலில் காட்டுவது 1989-இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தை. அதில், மூலத் தொடருக்குப் பின்வந்த தொடரின் நாயகனான கேப்டன் பிக்கார்ட், ஸ்டார்ஃபிளீட் ராணுவ அமைப்பு அன்று, ஆய்வே அதன் நோக்கம் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று தோன்றும். ஆனால் அவர் அதை எப்போது சொல்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர்க் என்ற இயந்திரக் கலப்பினத்தாரின் அச்சுறுத்தலை முன்னிட்டு, தம் கப்பலை ஒரு போர்ப் பயிற்சியில் ஈடுபடுத்தச் சம்மதித்துவிட்ட நிலையில், அந்தச் சம்மதத்துக்கு விளக்கமாகவே அதைச் சொல்கிறார்.

மூலத் தொடரின் நாயகனான கேப்டன் கிர்க், 1967-ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில், கூட்டமைப்பின் பகை இனமான கிளிங்கான்களின் படையெடுப்பு நெருங்கும் வேளையில் ஒரு கோளின் பெரியவர்களிடம், தாம் தூதர் அல்லர், போர்வீரர் என்கிறார். 1969-இல் வந்த மற்றோர் அத்தியாயத்தில், அவரைச் சிறந்த படைத்தலைவர் என ஒருவர் புகழும்போது, தாம் இப்போது முதன்மையாக ஓர் ஆய்வாளர் என்று விடையளிக்கிறார். 'இப்போது', 'முதன்மையாக' என்ற இரண்டு சொற்களும் அந்த விடைக்குள் இருக்கின்றன. முன்பு வேறாக இருந்ததையும், இன்றும் வேறொரு பணி உடன் இருப்பதையும் அவை ஒப்புக்கொள்கின்றன.

சொற்கள் இப்படி இருபக்கமும் சாய்வதால் செயல்களைப் பார்ப்பதே நலம்.

- பதவிநிலைகள் முழுவதும் கடற்படையிலிருந்து எடுக்கப்பட்டவை: என்சைன், லெப்டினன்ட், கமாண்டர், கேப்டன், அட்மிரல்.

- கட்டளை மீறலுக்கும் கடமை தவறியதற்கும் படைத்துறை நீதிமன்றம் உண்டு. 1967 அத்தியாயம் ஒன்றில், ஓர் அதிகாரியின் சாவுக்குக் காரணமானவர் என்ற குற்றச்சாட்டில் கிர்க்கே அதன்முன் நிறுத்தப்படுகிறார்.

- பொது ஆணை 24 என்றொரு ஆணை உள்ளது. ஒரு கோளின் மேற்பரப்பையே அழிக்கக் கப்பலுக்கு அதிகாரம் தரும் ஆணை அது. கிர்க் அதைப் பிறப்பிக்கவும் செய்கிறார்.

- டொமினியன் என்ற வல்லரசுடன் நடக்கும் போரில், கூட்டமைப்பின் சார்பில் விண்ணிலும் தரையிலும் போரிடுவது ஸ்டார்ஃபிளீட்டே.

1994-இல் கதைக்குள் வந்த 'டிஃபையன்ட்' என்ற கப்பல் தனியே குறிப்பிடத் தக்கது. அதை அறிமுகப்படுத்தும், மற்றொரு தொடரின் நாயகனான கமாண்டர் சிஸ்கோ, பதிவேட்டில் அது துணைக்காவல் கப்பல் என்றே வகைப்படுத்தப்பட்டிருப்பதாகவும் உண்மையில் அது போர்க்கப்பல் என்றும் சொல்கிறார். இதற்கு இணையான ஒன்றை உண்மை உலகிலும் காணலாம். பின்னர் அதற்கு வருவோம்.

எனக்கு எல்லாவற்றையும்விட வலுவான சான்றாகப் படுவது 1991-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு சிறு உரையாடல். கிளிங்கான்களோடு அமைதி ஒப்பந்தம் வரப்போகிறது. அப்படியானால் ஸ்டார்ஃபிளீட்டை மூட்டை கட்டி வைத்துவிடப் போகிறோமா என்று ஓர் அதிகாரி கேட்கிறார். தலைமை அதிகாரி, ஆய்வுத் திட்டங்களும் அறிவியல் திட்டங்களும் பாதிக்கப்படாது என்று பதில் சொல்லத் தொடங்குகிறார். அமைதி வந்தால் எது குறையும் என்ற கேள்விக்கு, ஆய்வும் அறிவியலும் குறையாது என்பது விடை. அப்படியென்றால் குறையக்கூடிய மற்றொன்று அந்த அமைப்பில் இருக்கிறது, அதுவும் பெரிய அளவில் இருக்கிறது.

## முரண்பாட்டின் வேர்

இந்த முரண், தொடரை உருவாக்கியவரிடமிருந்தே வருகிறது. ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் பசிபிக் முனையில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் துறையில் பணியாற்றியவர். நெப்போலியன் காலத்துக் கடற்படைக் கதைகளின் கேப்டனை மனத்தில் வைத்தே அவர் தம் விண்கலத் தலைவரை வடித்தார். 1987-இல் பிக்கார்டின் தொடரைத் தொடங்கியபோது, மனிதகுலம் போரைக் கடந்துவிட்ட எதிர்காலத்தைக் காட்ட விரும்பினார். கடற்படையின் உடலும் போரைத் துறந்த மனமும் ஒரே அமைப்பில் சேர்ந்தது இப்படித்தான். இடையில் 1982-இல் இரண்டாவது திரைப்படத்தை இயக்கிய நிக்கோலஸ் மேயர், சீருடை முதல் ஒழுங்குமுறை வரை கடற்படைச் சாயலை வேண்டுமென்றே கூட்டினார். அறிவியலாளர்கள் எப்போதும் ராணுவத்தின் கைப்பாவைகளே என்று ஸ்டார்ஃபிளீட்டைப் பற்றி ஓர் இளம் ஆய்வாளர் குமுறுவது அப்படத்தில்தான்.

எழுத்தாளர் மாறியதால் கருத்து மாறியது என்பதோடு நிறுத்திவிட்டால் கேள்வி தீர்வதில்லை. ஏனெனில் ஆய்வும் படையும் ஒரே கப்பலில் பயணம் செய்வது கற்பனைக்கு மட்டும் உரிய நிலைமை அன்று.

## ஆய்வுக் கப்பல்களில் பீரங்கிகள்

1768-இல் ஜேம்ஸ் குக் 'எண்டவர்' கப்பலில் புறப்பட்டது, அடுத்த ஆண்டு தாகித்தித் தீவிலிருந்து வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளப்பதற்காக. கப்பல் பிரிட்டனின் அரச கடற்படைக்குச் சொந்தமானது. அதில் பீரங்கிகள் இருந்தன. முத்திரையிட்ட ரகசிய ஆணை ஒன்றும் குக்கிடம் இருந்தது. தெற்கே பெருங்கண்டம் இருக்கிறதா என்று தேடுவதும், புதிய நிலங்களை மன்னர் பெயரில் உரிமை கோருவதும் அந்த ஆணையில் அடங்கும். 1770-இல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை அவர் அப்படியே உரிமை கோரினார். அங்கு வாழ்ந்த மக்களுக்கு அந்தக் கப்பல் வானியல் கப்பலா, படையின் கப்பலா என்ற வேறுபாடு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. டார்வினைச் சுமந்து 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிய 'பீகிள்' கப்பலும் கடற்படைக் கப்பலே.

ஆய்வுக்குப் போகும் படைக் கப்பலுக்கு விலக்கு அளிக்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. குக்கின் மூன்றாம் பயணத்தின்போது பிரிட்டனும் அமெரிக்கக் குடியேற்றங்களும் போரில் இருந்தன. 1779 மார்ச்சில் பாரிஸில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், குக்கின் கப்பலைக் கடலில் கண்டால் பகைக் கப்பலாகக் கருதித் தாக்க வேண்டாம் என்று அமெரிக்கக் கப்பல் தலைவர்களுக்கு எழுதினார். குக் அதற்கு முந்தைய மாதமே ஹவாயில் கொல்லப்பட்டிருந்த செய்தி அப்போது அவருக்கு எட்டவில்லை.

இவ்விலக்கு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதை மாத்யூ ஃபிளிண்டர்ஸின் கதை காட்டுகிறது. ஆஸ்திரேலியக் கரையை அளக்க 1801-இல் புறப்பட்ட இந்தப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியிடம் பிரெஞ்சு அரசு வழங்கிய பாதுகாப்புச் சீட்டு இருந்தது. சீட்டில் எழுதப்பட்டிருந்த கப்பலின் பெயர் 'இன்வெஸ்டிகேட்டர்'. அந்தக் கப்பலின் மரம் உளுத்துப் போனது. மாற்றாக ஏறிய கப்பல் பவளப்பாறையில் மோதி உடைந்தது. கடைசியில் 29 டன் கொள்ளளவுள்ள 'கம்பர்லேண்ட்' என்ற சிறு பாய்க்கப்பலில் 1803 டிசம்பரில் அவர் மொரீஷியஸ் வந்து சேர்ந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பிரிட்டனும் பிரான்சும் மீண்டும் போரில் இறங்கியிருந்தது அவருக்குத் தெரியாது. சீட்டு வேறு கப்பலுக்கு உரியது. இந்தக் கப்பலிலோ சிட்னி ஆளுநரின் அரசுக் கடிதங்கள் இருந்தன. பிரெஞ்சு ஆளுநர் தெகான் அவரைப் பிடித்து வைத்தார். 1810 ஜூன் வரை, ஆறரை ஆண்டுகள், ஃபிளிண்டர்ஸ் அந்தத் தீவிலிருந்து வெளியேற முடியவில்லை.

அவருடைய நோக்கம் ஆய்வு என்பதை யாரும் பெரிதாக மறுக்கவில்லை. அவர் ஒரு கடற்படை அதிகாரி, அவருக்கு விலக்கு அளித்த தாள் வேறு கப்பலைப் பற்றியது என்பனவே அவரைச் சிறைப்படுத்தப் போதுமானவையாக இருந்தன. தாம் எதற்காகப் பயணம் செய்கிறோம் என்று ஒருவர் நம்புவது வேறு, பிடிப்பவர் கண்ணில் அவர் யார் என்பது வேறு.

## சீருடை உண்டு, ஆயுதம் இல்லை

எதிர்ப்பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் உண்மையான எடுத்துக்காட்டும் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்தில் அதிகாரிகள் பிரிவு ஒன்று உண்டு. அவர்களுக்குக் கடற்படைப் பதவிநிலைகளும் சீருடையும் உள்ளன. ஆய்வுக் கப்பல்களையும் புயலுக்குள் பறக்கும் விமானங்களையும் இயக்குகிறார்கள். ஆயினும் அவர்கள் ஆயுதப் படையினர் அல்லர். அமெரிக்கச் சட்டப்படி அது சீருடைப் பணி மட்டுமே. ஸ்டார்ஃபிளீட் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வருணனைக்கு மிக நெருங்கி நிற்பது இப்பிரிவே.

அது தோன்றிய காரணம் இன்னும் முக்கியமானது. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் நுழைந்தபோது, அதன் முன்னோடியான கடலோர அளவைத் துறையைச் சேர்ந்தவர்கள் படைகளுக்காக நிலமும் கரையும் அளக்க வேண்டியிருந்தது. சாதாரண உடையில், கையில் வரைபடத்தோடும் அளவைக் கருவியோடும் போர்முனையில் பிடிபடுபவரை எதிரி ஒற்றன் என்று கருதிக் கொன்றுவிடலாம். அந்த ஆபத்திலிருந்து காக்கவே அவர்களுக்கு அதிகாரப் பதவியும் சீருடையும் வழங்கப்பட்டன. பிடிபட்டால் ஒற்றனாக அன்றிப் போர்க்கைதியாக நடத்தப்பட வேண்டும் என்பதற்காகவே அந்தச் சீருடை வந்தது.

எனவே சீருடையையும் பதவிநிலையையும் மட்டும் வைத்து ஸ்டார்ஃபிளீட்டை ராணுவம் என்று முடிவு செய்வது சரியாகாது. வேறு அளவுகோல் தேவை.

## பெயரை மாற்றினால் பொருள் மாறுமா?

இங்கே ஜப்பானைப் பார்ப்பது பயன் தரும். 1947-இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு, தரை, கடல், வான் படைகளையோ வேறு போர் ஆற்றலையோ வைத்திருப்பதில்லை என்று சொல்கிறது. ஆனால் 1954 முதல் அங்கே தற்காப்புப் படைகள் இயங்கி வருகின்றன. அவற்றின் பெரிய போர்க்கப்பல்களுக்கு அதிகாரப்பூர்வமான வகைப்பெயர் 'துணைக்காவல் கப்பல்' என்பதே. 2015-இல் பணியில் சேர்ந்த 'இசுமோ' 248 மீட்டர் நீளமும் தளம் முழுவதும் தட்டையான ஓடுதளமும் கொண்டது. போர் விமானங்கள் இறங்கி ஏறும் வகையில் மாற்றியமைக்கப்படுகிறது. அதுவும் பதிவேட்டில் துணைக்காவல் கப்பலே. 'டிஃபையன்ட்' பற்றி சிஸ்கோ சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

ஜப்பானிய அரசின் நிலைப்பாடு கவனமாக அமைக்கப்பட்டது. உள்நாட்டு அரசியலமைப்பின் பொருளில் தற்காப்புப் படைகள் ராணுவம் அல்ல. பன்னாட்டுச் சட்டத்தின் பார்வையில் அவை ராணுவமாகவே நடத்தப்படுகின்றன. ஒரே அமைப்புக்கு உள்ளே ஒரு தகுதியும் வெளியே மற்றொரு தகுதியும் இருக்க முடியும் என்பதற்கு இது நேரடிச் சான்று. பிக்கார்டின் கூற்றை இப்படிப் படித்தால் அது பொய்யாகத் தோன்றாது: கூட்டமைப்பின் குடிமகனாகத் தம் அமைப்பைப் பற்றி அவர் சொல்கிறார், பகைத் தரப்பான ரோமுலன் இனத்தின் ஒரு தளபதி அதை ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

ஒரு வேறுபாடும் உண்டு. ஜப்பானிய அரசியலமைப்பு தனிவகை நீதிமன்றங்களைத் தடைசெய்வதால் தற்காப்புப் படையினருக்குப் படைத்துறை நீதிமன்றம் கிடையாது. ஸ்டார்ஃபிளீட்டுக்கு உண்டு. அந்த ஒரு கூறில், ராணுவம் என்ற சொல்லைத் தவிர்க்கும் ஜப்பானியப் படையைவிட ஸ்டார்ஃபிளீட் ராணுவத்தன்மை மிகுந்தது.

## சட்டத்தின் அளவுகோல்

கடல் சட்டம் குறித்த 1982-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, போர்க்கப்பலுக்கு நான்கு அடையாளங்களைக் கூறுகிறது: ஓர் அரசின் ஆயுதப் படைக்குச் சொந்தமாக இருத்தல், அந்நாட்டின் புறக்குறிகளைத் தாங்கியிருத்தல், அரசு முறையாக நியமித்த அதிகாரியின் தலைமையில் இருத்தல், படை ஒழுங்குக்கு உட்பட்ட பணியாளர்களைக் கொண்டிருத்தல். கப்பலில் எத்தனை பீரங்கிகள் உள்ளன என்று அது கேட்கவே இல்லை. கிர்க்கின் 'என்டர்பிரைஸ்' கப்பலில் என்.சி.சி-1701 என்ற பதிவெண் எழுதப்பட்டிருக்கிறது. அதிகாரியும் ஒழுங்கும் உண்டு. ஆனால் முதல் அடையாளம் நம்மைத் தொடங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்புகிறது: ஆயுதப் படை என்பது எது?

அதற்கு ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறையில், 43-ஆம் பிரிவில் விடை இருக்கிறது. அமெரிக்காவும் இந்தியாவும் அந்த நெறிமுறையில் சேரவில்லை. எனினும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு தொகுத்த வழக்காற்று விதிகளிலும் இதையொத்த வரையறை இடம்பெற்றுள்ளது. அதன் கூறுகளை ஒவ்வொன்றாக ஸ்டார்ஃபிளீட்டோடு பொருத்திப் பார்க்கலாம்.

1. ஒழுங்குபடுத்தப்பட்ட, ஆயுதம் தாங்கிய அமைப்பாக இருத்தல். ஃபேசர் கதிர்களும் ஃபோட்டான் டார்ப்பிடோக்களும் ஏறத்தாழ ஒவ்வொரு பெரிய கப்பலிலும் உண்டு. பொருந்துகிறது.

2. கீழுள்ளவர்களின் நடத்தைக்கு, போரிடும் தரப்பிடம் பொறுப்பேற்கும் தலைமையின் கீழ் இருத்தல். கேப்டனிலிருந்து அட்மிரல் வரையும், அங்கிருந்து கூட்டமைப்பின் தலைவர் வரையும் இந்தச் சங்கிலி செல்கிறது. பொருந்துகிறது.

3. போர் விதிகளைச் செயல்படுத்தும் உள் ஒழுங்குமுறை இருத்தல். படைத்துறை நீதிமன்றங்கள் இதற்குச் சான்று. பொருந்துகிறது.

அமைப்பின் நோக்கம் என்ன என்ற கேள்வி இந்த வரையறையில் எங்குமே இல்லை. இது தற்செயலாக விடுபட்டதன்று. எந்த அரசும் தன் படையின் நோக்கம் அமைதி என்றே சொல்லும். நோக்கத்தை அளவுகோலாக்கினால் உலகில் ராணுவமே இல்லை என்று ஆகிவிடும்.

ஆய்வுப் பணியும் படைத்தகுதியும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பதை விண்வெளிச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு, நிலவிலும் பிற கோள்களிலும் படைத்தளங்களையும் ஆயுதச் சோதனைகளையும் தடைசெய்கிறது. ஆனால் அறிவியல் ஆய்வுக்குப் படைத்துறையினரைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யவில்லை. நிலவுக்குச் சென்ற அப்பல்லோ 11 கப்பலில் ஆம்ஸ்ட்ராங் அப்போது படைத்துறை சாராதவர். ஆல்ட்ரினும் காலின்சும் விமானப்படை அதிகாரிகள். அவர்களை அனுப்பிய நாசாவோ முழுக்கப் படைத்துறை சாராத அமைப்பு.

## மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: ஸ்டார்ஃபிளீட், ஆயுதம் தாங்கிய சட்ட அமலாக்க அமைப்பாக, கடலோரக் காவல் போல இருக்கலாமே? இருக்கலாம், ஆனால் கடலோரக் காவல்களும் ஒரே வகையின அல்ல. அமெரிக்கக் கடலோரக் காவல் படை எல்லா வேளையிலும் ஆயுதப் படையின் ஒரு பிரிவே என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் கடலோரக் காவல் படையும் ஒன்றியத்தின் ஆயுதப் படைகளுள் ஒன்று. இதற்கு நேர்மாறாக, ஜப்பானியக் கடலோரக் காவல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, அவ்வமைப்பு ராணுவமாகப் பயிற்சி பெறவோ செயல்படவோ இச்சட்டம் இடம் தராது என்று வெளிப்படையாகக் கூறுகிறது. ராணுவம் வேண்டாம் என்று உண்மையாகவே முடிவு செய்யும் அரசு அதைச் சட்டத்தில் எழுதிவைக்க முடியும். கூட்டமைப்பில் அப்படியொரு தடை இருந்திருந்தால் ஸ்டார்ஃபிளீட் டொமினியன் போரை நடத்தியிருக்க முடியாது.

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. 2150-களில் நடப்பதாகக் காட்டப்படும் முன்கதைத் தொடரில், பூமிக்கு மேக்கோ என்ற தனித் தாக்குதல் படை இருக்கிறது. எழுபது லட்சம் பேரைக் கொன்ற தாக்குதலுக்குப் பின் அந்தப் படைவீரர்கள் ஸ்டார்ஃபிளீட் கப்பலில் ஏற்றப்படுகிறார்கள். இரு தரப்புக்கும் இடையே உரசலும் எழுகிறது. அவர்கள் ராணுவம் என்றால் ஸ்டார்ஃபிளீட் வேறாகத்தானே இருக்க வேண்டும்? அந்தக் காலத்துக்கு இந்த வாதம் சரியே. ஆனால் கூட்டமைப்பு உருவானதும் மேக்கோ கலைக்கப்பட்டுவிட்டது என்று 2016-ஆம் ஆண்டுத் திரைப்படம் சொல்கிறது. அதன்பின் போரிடும் பணி முழுவதும் ஸ்டார்ஃபிளீட்டின் கைக்கு வந்துவிட்டது. ராணுவம் கலைக்கப்பட்டது, அதன் வேலை ஒழியவில்லை. ஓர் அரசின் ஒழுங்குபடுத்தப்பட்ட படைபலம் முழுவதையும் தன்னிடம் வைத்திருக்கும் அமைப்பை அந்த அரசின் ஆயுதப் படை என்பதைத் தவிர வேறு எவ்வாறு அழைப்பது?

மூன்றாவது, அதில் பணியாற்றுவோரின் மனநிலை. 2013-ஆம் ஆண்டுப் படத்தில் பொறியாளர் ஸ்காட்டி, நாம் ஆய்வாளர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன் என்று சொல்லி, இன்னதென்று தெரியாத டார்ப்பிடோக்களை ஏற்றிக்கொள்ள மறுத்துப் பதவி விலகுகிறார். இந்த மனநிலையை நான் உயர்வாகவே மதிக்கிறேன். படையை விரும்பாதவர்கள் நிறைந்த படை, அப்படி இல்லாத படையைவிட நல்லது. ஆனால் அது படையின் பண்பைப் பற்றிய செய்தி. அதன் வகையைப் பற்றியது அன்று.

ஆகவே என் முடிவு: ஸ்டார்ஃபிளீட் ஆய்வை முதன்மைப் பணியாகக் கொண்ட ராணுவம். உள்நாட்டில் அது தன்னை வேறு பெயரால் அழைத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பின் முன்னிலையிலும் சட்டத்தின் முன்னிலையிலும் அந்தப் பெயர் நிற்காது.

## ஒப்புக்கொள்ளாமையின் விலை

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கதையே மூன்று இடங்களில் அதற்கு விடை தருகிறது.

அரசின் கட்டுப்பாடு. 1996-இல் வந்த இரு அத்தியாயங்களில், உருமாறும் பகைவர்கள் பூமிக்குள் ஊடுருவிவிட்டார்கள் என்ற அச்சத்தைப் பயன்படுத்தி, லேட்டன் என்ற அட்மிரல் கூட்டமைப்பின் தலைவரை நெருக்கடி நிலை அறிவிக்கச் செய்கிறார். பூமியின் மின்வழங்கலை முடக்கியதே அவருடைய ஆட்கள்தாம். தெருக்களில் ஆயுதம் ஏந்திய ஸ்டார்ஃபிளீட் வீரர்கள் நிற்கிறார்கள். ரத்தச் சோதனை கட்டாயமாகிறது. சிஸ்கோவின் தந்தை நியூ ஆர்லியன்ஸில் உணவகம் நடத்துபவர். சோதனைக்கு உடன்பட மறுக்கிறார். ஒரு காட்சியில் காய் நறுக்கும்போது அவர் விரல் வெட்டுப்படுகிறது. மகனின் பார்வை, தந்தையின் விரலைவிட்டுக் கத்தியில் ஒட்டியிருக்கும் ரத்தத்துக்குப் போகிறது, அது உருமாறுகிறதா என்று பார்ப்பதற்காக. தந்தை அந்தப் பார்வையைக் கவனித்துவிடுகிறார். ராணுவத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கான வேலிகளை, ராணுவம் தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொள்ளும் சமூகம்தான் போட்டு வைக்கும். போரைக் கடந்துவிட்டோம் என்று நம்பிய பூமியில் லேட்டனைத் தடுக்க சிஸ்கோ என்ற ஒரு தனி அதிகாரியின் மனச்சான்றையும், அவரோடு நின்ற சிலரையும் தவிர வேறெதுவும் பெரிதாக இருக்கவில்லை.

கப்பலில் இருக்கும் குடும்பங்கள். பிக்கார்டின் 'என்டர்பிரைஸ்' கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். பள்ளிக்கூடமும் குழந்தைகளும் உண்டு. ஆய்வுக் கப்பல் என்றால் இது அழகான ஏற்பாடு. போர் விதிகளோ, படை இலக்குகளின் அருகிலிருந்து குடிமக்களை இயன்றவரை அகற்றுமாறு கேட்கின்றன; உள்ளே குடிமக்கள் இருப்பதால் மட்டும் ஒரு போர்க்கப்பல் தாக்கப்படக் கூடாததாகிவிடாது. போர்க் இனத்தாரோடு வுல்ஃப் 359 என்ற இடத்தில் நடக்கும் மோதலில் 39 கப்பல்களும் ஏறத்தாழ 11,000 உயிர்களும் அழிகின்றன. அக்கப்பல்களுள் ஒன்றில் சிஸ்கோ துணைத் தலைவர். எரியும் அறைக்குள் அவர் நுழையும்போது, மகன் ஜேக் உயிரோடு இருக்கிறான். மனைவி ஜெனிஃபர் இடிபாடுகளுக்கு அடியில் இறந்து கிடக்கிறார். அவளை விட்டு வர மறுக்கும் சிஸ்கோவை மற்றோர் அதிகாரி இழுத்துக்கொண்டு போகிறார். ஜெனிஃபர் எந்தப் படையிலும் சேரவில்லை. இது ராணுவக் கப்பல் இல்லை என்ற நம்பிக்கைதான் அவரை அங்கே குடியமர்த்தியது.

சிறைப்பட்டவரின் தகுதி. 1992-ஆம் ஆண்டு அத்தியாயங்களில், பகை இனத்தாரான கார்டாசியர்கள் உயிரியல் ஆயுதம் செய்கிறார்களா என்று கண்டறியும் ரகசியப் பணிக்குப் பிக்கார்ட் அனுப்பப்படுகிறார். ஸ்டார்ஃபிளீட் ராணுவம் இல்லை என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் சொன்ன அதே பிக்கார்ட். அவர் பிடிபடுகிறார். போர்க்கைதிகளை நடத்துவதற்கான உடன்படிக்கை ஒன்று இரு அரசுகளுக்கும் இடையே இருக்கிறது. ஆனால் அது பொருந்த வேண்டுமானால், தன் ஆணையின் பேரில்தான் அவர் சென்றார் என்று கூட்டமைப்பு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் அது பகைச்செயலை ஏற்றதாகும். ஒப்புக்கொள்ள வேண்டும் என்று துணைத் தலைவர் ரைக்கர் வாதாடுகிறார். பிக்கார்டின் இடத்தில் அமர்ந்திருக்கும் கேப்டன் ஜெலிகோ மறுக்கிறார். அந்த மறுப்பு நீடிக்கும் நாட்களில் பிக்கார்ட் கார்டாசிய விசாரணை அறையில் இருக்கிறார். எதிரில் நான்கு விளக்குகள் எரிகின்றன. ஐந்து என்று சொல்லச் சொல்லி அவரை வதைக்கிறார்கள். தம் பெயரையும் பதவியையும் அவர் சொல்லிவிட்டார். அந்தப் பதவி எத்தகைய அமைப்பைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டியது கூட்டமைப்பு. அது வாய் திறக்கவில்லை.